உடல் கொழுப்பைக் குறைக்க: பட்டினி கிடக்காமல் தொடங்குவது எப்படி?

கொழுப்பைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்த உடனே பலர் செய்யும் முதல் வேலை, எதையெல்லாம் விட வேண்டும் என்று பட்டியல் போடுவது. இனிப்பு கிடையாது, சோறு கிடையாது, எண்ணெய் கிடையாது, இரவில் சாப்பாடே கிடையாது. முதல் வாரம் எடை கடகடவென்று இறங்கும். மூன்றாவது வாரம் பசியும் எரிச்சலும் சேர்ந்து ஆளை உலுக்கும். அப்புறம் ஒரு நாள் கட்டுப்பாடு உடையும், இறங்கிய எடை திரும்ப ஏறும். இப்படி ஏறி இறங்கிக் களைத்துப் போனவர்கள் "என் உடல்வாகே இப்படித்தான்" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் பிடித்த வழி யாராலும் நீண்ட நாள் நடக்க முடியாத வழி. அதற்காகத் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாற்றத்தோடு ஐந்து வருடம் கழித்தும் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? முடியாது என்று தோன்றினால், எவ்வளவு வேகமாகப் பலன் தந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், சாப்பாட்டைப் பற்றிய பயமோ கட்டுக்கடங்காமல் உண்ணும் பழக்கமோ முன்பு இருந்தவர்கள் தாங்களாகவே உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் உணவை மட்டும் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். இவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவதுதான் சரி.

கொழுப்பு எப்படிக் குறைகிறது

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. புரதத்திலும் மாவுச்சத்திலும் 4, மதுவில் 7. உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. செலவழிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால், உடல் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை கொழுப்பு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். கேட்க ரொம்பக் கொஞ்சம் போலத் தோன்றும். ஆனால் நான் பரிந்துரைக்கும் வேகம் இதுதான். அளவுக்கு மீறி வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2014இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அதனால் வியர்க்க வைக்கும் இடுப்புப் பட்டைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையும் என்பதும் நடக்காத காரியம். எந்த இடத்தில் முதலில் குறைய வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் இதுதான் காலியாகிறது, பழையபடி சாப்பிட்டதும் முதலில் திரும்பி வருவதும் இதுதான். "பத்தே நாளில் ஐந்து கிலோ" என்ற விளம்பரங்கள் இந்தத் தண்ணீர்க் கணக்கை வைத்துத்தான் பிழைக்கின்றன.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ஆனால் வாயில் போவதை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்து உண்டது, அலுவலகத்தில் யாரோ நீட்டிய பிஸ்கட், எல்லாம் சேர்த்து. இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், "நான் ரொம்பக் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவே மாட்டேன் என்கிறது" என்று உறுதியாக நம்பியவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கைவிட உண்மையில் உண்டது வெகு அதிகம். சராசரியாக 47 சதவீதம் கணக்கில் வராமலே போயிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனித நினைவு சாப்பாட்டு விஷயத்தில் அப்படித்தான் வேலை செய்கிறது.

அளவோடு நேரத்தையும், அப்போது பசித்ததா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால், பசியே இல்லாமல் சாப்பிட்ட நேரங்கள் கண்ணில் படும். அலுப்பாக இருந்தது, கோபமாக இருந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது, கை எட்டும் தூரத்தில் டப்பா இருந்தது. உங்களுக்கு வேண்டிய மாற்றம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறு வேறு இடமாக இருக்கும் என்பதால்தான் மற்றவர் எழுதிக் கொடுத்த டயட் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இதே வாரத்தில் எடையோடு இடுப்பளவையும் எடுத்து வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருப்பது நல்லது. 160 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ.க்குள். உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பைப் பற்றி எடைக்கருவியைவிட இந்த டேப் அதிகம் சொல்லும்.

படி 2: குடிப்பதிலிருந்து தொடங்குங்கள்

முதலில் மாற்ற வேண்டியது டம்ளரில் இருப்பதைத்தான். காரணம் எளிமையானது: மென்று சாப்பிடும் கலோரி வயிற்றை நிறைக்கும் அளவுக்குக் குடிக்கும் கலோரி நிறைக்காது. 330 மி.லி. சர்க்கரை பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அதைக் குடித்தாலும் அடுத்த வேளைச் சாப்பாடு குறையாது. தேநீரோ காபியோ ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளுக்கு நான்கு தடவை குடிப்பவர் 32 கிராம் சர்க்கரை சேர்த்துக்கொள்கிறார். ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும். தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் வரும். பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் வராது.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்குங்கள். நாக்கு பழகியதும் ஒன்று, அப்புறம் அரை. பழகிய நாக்குக்குப் பழைய அளவே தித்திப்பாகத் தெரியும். மது அருந்துபவர்கள் அதையும் எழுதுங்கள். மதுவின் கலோரியோடு, அதன் கூடவே உள்ளே போகும் தீனியும் சேர்கிறது.

படி 3: தட்டை வேறு மாதிரி நிரப்புங்கள்

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. கிராம் கணக்கெல்லாம் வேண்டாதவர்களுக்கு இது ஒன்றே போதும், தொடங்கியவர்கள் நெடுநாள் விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடிய முறையும் இதுதான் என்று நினைக்கிறேன். சோறோ ரொட்டியோ, உங்கள் வீட்டில் வழக்கமாக உள்ளதே இருக்கட்டும். பரிமாறும் வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் காய், அடுத்து புரதம், கடைசியில் மிச்சமுள்ள இடத்தில் மாவுச்சத்து. மாவுச்சத்தை முதலில் போட்டால் மற்ற இரண்டுக்கும் ஓரம்தான் கிடைக்கும்.

புரதத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. மூன்று சத்துகளில் அதிக நேரம் பசி தாங்க வைப்பது அதுதான். அதைச் செரிக்கவே உடல் அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவழிக்கிறது. மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகபட்சம் 3. எல்லாவற்றுக்கும் மேலாக, எடை குறையும் காலத்தில் தசை கரையாமல் காப்பது புரதம். பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு, ஒரு நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். கொழுப்பைக் குறைக்கும்போது 1.2 கிராம் அல்லது கொஞ்சம் கூடுதலாக எடுப்பது உதவும், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, தயிர் என்று உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் குவிக்காமல் எல்லா வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில் புரதமே இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் பசிக்கிறது என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

காய்கறி தட்டில் இடத்தை அடைக்கும், வயிற்றை நிறைக்கும், கலோரி குறைவு. பழத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 400 கிராமாவது வர வேண்டும். இதுவரை குறைவாகச் சாப்பிட்டவர்கள் திடீரென்று கூட்டினால் வயிறு உப்புசமாகும். ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் கெட்டது என்று சொல்ல வரவில்லை, உடலுக்குக் கொழுப்பு தேவை. ஆனால் ஒரு மேசைக் கரண்டி எண்ணெய், அதாவது 15 மி.லி., 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும்போது ஒன்று போனதா மூன்று போனதா என்று யாருக்கும் தெரியாது. ஸ்பூனில் அளந்து ஊற்றும் பழக்கம் ஒன்றே, ருசி குறையாமல் ஒரு நாளில் 200 கலோரிக்கு மேல் மிச்சப்படுத்தலாம். கொட்டைகளும் வெண்ணெயும் இதே கணக்குதான்: நல்லவை, ஆனால் அளந்து.

படி 4: வயிறு சொல்வதைக் கேட்க நேரம் கொடுங்கள்

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தால் அந்தச் செய்தி வருவதற்குள் அடுத்த பரிமாறலும் முடிந்திருக்கும். அதனால் தட்டில் போட்டுக்கொண்ட பிறகு பாத்திரத்தை மூடி அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். மென்று, நிறுத்தி, பேசிச் சாப்பிடுங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றினால் பத்து நிமிடம் பொறுத்து எடுத்துக்கொள்ளுங்கள், தடையே இல்லை. பல நாள் அந்தப் பத்து நிமிடத்தில் ஆசை தானாக அடங்கிவிடும். நொறுக்குத் தீனியைப் பாக்கெட்டோடு எடுத்துக்கொண்டு உட்காராமல், கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பாக்கெட் உணவுகளைப் பற்றி அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டு வகையிலும் எதிரில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒன்றுபோல இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்திய உணவு உண்ட காலத்தில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். யாரும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் மன உறுதியை மட்டும் நம்பிப் போராடுவதைவிட, வீட்டில் என்ன வாங்கி வைக்கிறீர்கள் என்பதில் கவனம் செலுத்துங்கள்.

படி 5: பிடித்ததை விடாதீர்கள், திட்டமிட்டுச் சாப்பிடுங்கள்

மிதம் என்று சொல்வது சுலபம், செய்யும்போது பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு உணவை "இனி தொடவே மாட்டேன்" என்று ஒதுக்கியதும் நாள் முழுக்க அதே நினைப்பாக இருக்கும். 1944 - 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். நாளடைவில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பட்டினி முடிந்ததும் அடங்காமல் உண்டார்கள், உடலில் முன்பு இருந்ததைவிட அதிகமாகவே கொழுப்பு சேர்ந்தது. கடுமையான டயட்டுக்குப் பிறகு நடப்பது இதே கதைதான், கொஞ்சம் சிறிய அளவில்.

ஆகவே உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு மூன்று உணவுகளுக்கு வாரத்தில் இடம் ஒதுக்கிவிடுங்கள். எப்போது, எவ்வளவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பசியோடு இருக்கும்போது வேண்டாம், ஒரு வேளைச் சாப்பாட்டின் முடிவில் உண்டால் சிறிய அளவே திருப்தி தரும். குற்ற உணர்ச்சி இல்லாமல், உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள்.

விருந்தில் அளவு மீறிப் போய்விட்டதா? கணக்கைப் பாருங்கள். வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாக உண்டிருந்தால், அது முழுவதும் கொழுப்பானாலும் ஏறுவது 130 கிராம். மறுநாள் எடைக்கருவி ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டினால் மிச்சம் எல்லாம் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீரும், இன்னும் குடலில் இருக்கும் உணவும். அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடந்தால் மாலைக்குள் பசி கட்டு மீறிவிடும். "இன்று கெட்டுப்போச்சு, இனி அடுத்த திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று விட்டுவிட்டால் ஒரு வேளை மீறல் ஒரு வார மீறலாகிவிடும்.

எந்த டயட் சிறந்தது, உணவில் கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்று குழம்புபவர்களுக்கு ஒரு தகவல். 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வருடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். சராசரி எடைக்குறைவு ஒன்றில் 5.3 கிலோ, மற்றதில் 6 கிலோ. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அணிக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது. உங்களால் எதைத் தொடர முடியுமோ அதை எடுங்கள்.

படி 6: தூக்கமும் நடையும்

சிகாகோவில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே ஆட்கள் ஒரே அளவு குறைந்த உணவை உண்டு, இரண்டு வாரம் 8.5 மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கையில் கழித்தார்கள். இரண்டு தடவையும் மொத்த எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு, மீதி எல்லாம் தசை போன்றவை. பசியும் கூடியது. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

உடற்பயிற்சியால் மட்டும் கொழுப்பைக் குறைப்பது கடினம். ஆனால் குறைந்ததை அது இல்லாமல் தக்கவைப்பது மிகக் கடினம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. உடலைப் பயன்படுத்தியே செய்யும் உட்கார்ந்து எழுந்திருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்றவற்றில் தொடங்கலாம்.

படி 7: எடைக்கருவியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே நாளில் எடை ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்குவதால் பெண்களுக்கு இது இன்னும் கூடும். அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். காலையில், கழிவறை போய்விட்டு வந்து, வாரத்தில் சில நாட்கள் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒரு முறை இடுப்பளவு. எண்ணைப் பார்த்தாலே மனம் கெடுகிறது என்றால் எடைக்கருவியை விட்டுவிட்டு டேப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சராசரி மூன்று நான்கு வாரம் அசையாமல் நின்றால்தான் எதையாவது மாற்ற வேண்டும். உடல் இளைத்ததும் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறைகிறது, பழைய அளவு இப்போது சமநிலையாகிவிட்டது. மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெயோ தீனியோ மெல்லத் திரும்ப நுழைந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை என்றால் மாவுச்சத்தில் ஒரு கைப்பிடி குறையுங்கள், அல்லது நடையைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. மயக்கம், முடி கொத்தாக உதிர்வது, மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்வது போன்றவை தெரிந்தால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினாலும் அப்படியே.

எந்த வரிசையில், எவ்வளவு நாளில்

எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒரு மாற்றம், அது யோசிக்காமலே நடக்கும் வரை பொறுமை, அப்புறம் அடுத்தது. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

எவ்வளவு குறைய வேண்டும் என்பதில் பேராசை வேண்டாம். இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் கவனிக்கத்தக்க அளவு சீராகும். 90 கிலோ உள்ளவருக்கு அது நாலரை முதல் ஒன்பது கிலோ. அங்கே வந்ததும் சில மாதம் நின்று, அந்த எடையிலேயே வாழப் பழகுங்கள். மேலும் குறைக்கலாமா என்று அதன்பின் யோசிக்கலாம்.

நிற்கும்போது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடாமல், நாளுக்கு உண்ணும் அளவை ஒவ்வொரு வாரமும் 100 கலோரி வீதம் மெல்லக் கூட்டி, எடை நிலைத்து நிற்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடை குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள் தங்கள் பழக்கங்களைச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலோர் காலை உணவை விடுவதில்லை, நாளுக்கு ஒரு மணி நேரம் போல நடக்கிறார்கள் அல்லது பயிற்சி செய்கிறார்கள், வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். நீங்களும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: நிலைத்த எடையிலிருந்து வாரச் சராசரி இரண்டு கிலோ ஏறினால், நோட்டை எடுத்து ஒரு வாரம் மீண்டும் எழுதத் தொடங்குவது.